1983-இன் தட்டு, இன்றைய ப்ளேலிஸ்ட்

போன வாரம் 'நாவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' முதல் ஆல்பத்தை யாரோ ப்ளேலிஸ்ட்டா போட்டிருந்தாங்க, கேட்டேன். 1983 நவம்பர்ல பிரிட்டன்ல வந்தது. ரெண்டு எல்பி, 30 பாட்டு. விர்ஜின், இஎம்ஐ ரெண்டும் போட்டிக் கம்பெனிகள், ஆனா ஹிட்டுகளைச் சேர்த்து வித்தாங்க. (பேரு ஒரு பன்றிக்கறி விளம்பர போஸ்டர்ல இருந்து சுட்டது!)

தட்டுல பாட்டு உள்ளேயே இருக்கும். ப்ளேலிஸ்ட் நம்ம பாஷையில வெறும் பாயின்டர்தான். உரிமை கை மாறினா லிங்க் உடையும், பேர் மட்டும் சாம்பல் நிறத்துல நிக்கும். அதைவிட மோசம், சத்தமில்லாம வேற வெர்ஷன் வந்து உட்காருறது: சிங்கிள் எடிட்டுக்குப் பதிலா நீளமானது, இல்லைன்னா பல வருஷம் கழிச்சு மறுபடி பாடினது. நான் கேட்டதுல ரெண்டு பாட்டு அப்படித்தான். அதான் இப்போ பழைய எல்பி தேடிட்டிருக்கேன். ப்ளேயர் இன்னும் வாங்கலை.