படப்பிடிப்புக்கு இடங்கொடுக்குமுன்

கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையத்தின் எழிலை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோமுகி அணையும், அதன் நீரால் செழிக்கும் வயல்களும், மலைமீதுள்ள மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. இத்தகைய இடங்களைத் திரைப்படம் எடுப்போர் நாடி வருவது இயல்பே. ஒரு காலத்தில் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பு நிலையங்களுக்குள்ளேயே எடுக்கப்பட்டன. 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ பெற்ற வெற்றிக்குப்பின் கிராமங்களை நாடும் வழக்கம் வலுப்பெற்றது. கோபிசெட்டிபாளையம் இவ்வாறே ‘மினி கோடம்பாக்கம்’ என்று பெயர் பெற்றது.

படக்குழுவினர் வந்து கேட்கும்போது, “தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகக் கூறிவிட்டால் போதுமா? போதாது. ஓர் ஊரிலுள்ள இடங்கள் அனைத்திற்கும் ஒருவரே பொறுப்பாளர் அல்லர்.

அணையும் கால்வாயும் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. காப்புக்காடு வனத்துறைக்கு உரியது. நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையும், போக்குவரத்தை ஒழுங்கு செய்யக் காவல்துறையும் உள்ளன. புறம்போக்கு நிலமெனில் வருவாய்த் துறையைக் கேட்க வேண்டும். பட்டா நிலத்திற்கு உடையவரின் சம்மதம் தேவை. குத்தகைக்குப் பயிரிடுவோர் இருப்பின் அவரையும் கேட்பதே நியாயம். கச்சிராயபாளையம் வடக்கனந்தல் பேரூராட்சியைச் சேர்ந்தது. எனவே அவ்வூர்த் தெருக்களுக்குப் பேரூராட்சி அலுவலகத்தை அணுக வேண்டும். மலைமீது சென்றால் கல்வராயன்மலை ஒன்றியத்து ஊராட்சிகளைக் கேட்க வேண்டும். ஓர் அலுவலகத்தின் அனுமதி மற்றோர் அலுவலகத்தின் அனுமதிக்கு ஈடாகாது.

இத்தனை முறைகள் எதற்கு என்று சிலர் வினவலாம். ஓர் உதாரணம் கூறுவோம். கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கச்சிராயபாளையத்தில் உள்ளது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஆலையை நோக்கிச் செல்லும். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஒரு காட்சிக்காகச் சாலையை அரை நாள் அடைத்தால் நஷ்டம் யாருக்கு? படம் பிடிப்பவருக்கு அன்று. வியர்வை சிந்திய விவசாயிக்கே.

காட்டைப் பற்றியும் கவனம் தேவை. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும்போது ஒரு தீப்பந்தம் போதும், மலைச்சரிவே கருகிவிடும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். கல்வராயன் மலையில் பழங்குடி மக்களான மலையாளி இனத்தார் வாழ்கின்றனர். காட்டையும் நீர்ப்பிடிப்பையும் தங்கள் பண்பாட்டையும் காக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய கிராம சபைகளுக்கு வழங்கியுள்ளது. ஆகவே, அம்மக்களின் வீட்டையும் வழிபாட்டையும் படம் பிடிக்க விரும்புவோர் முதலில் அவர்களைக் கேட்டறிய வேண்டும்.

நம் குழந்தைகளையும் கால்நடைகளையும் நடிக்க அனுப்புவோர் சில விதிகளை அறிந்திருத்தல் நலம். குழந்தையை நடிக்க வைக்க, மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் பெற வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. ஊதியத்தில் குறைந்தது 20 சதவிகிதம் குழந்தையின் பெயரில் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகச் செலுத்தப்பட வேண்டும். கால்நடைகளைப் படத்தில் பயன்படுத்துவதற்கு 2001ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். வாடகை பேசுமுன் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, ஊராட்சி செய்ய வேண்டியவை யாவை? முதலாவதாக, விண்ணப்பத்தை எழுத்து மூலமாகவே பெறுக. எந்த இடம், எத்தனை நாள், எந்த நேரம், எத்தனை வண்டிகள், தீயோ வெடியோ உண்டா என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டாவதாக, பிற துறைகளின் அனுமதிக் கடிதங்களைப் பார்த்த பின்னரே ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுக. மூன்றாவதாக, சேதத்திற்கு ஈடாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிவைத்து, இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைத்த பின் திருப்பிக் கொடுக்கலாம். நான்காவதாக, குப்பையை அகற்றுவது குழுவினரின் கடமை என்பதை எழுதி வாங்குக. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை உள்ளது. கடைசியாக, ஊராட்சிக்குச் சேர வேண்டிய பணம் ஊராட்சிக் கணக்கிலேயே சேர வேண்டும். அதற்கு ரசீதும் வேண்டும். கைக்குக் கை மாறும் பணம் ஊரில் பூசலுக்கே வித்திடும்.

வருவோரை விரட்டுவது நம் நோக்கமன்று. அவர்களால் உணவுக் கடைகளுக்கும் வண்டி வைத்திருப்போருக்கும் நாலு காசு கிடைக்கும். ஊரின் பெயரும் பரவும். ஆயினும், படக்குழுவினர் சில நாட்களில் திரும்பிவிடுவர். கால்வாயும் காடும் சாலையும் நம்மோடு இருப்பவை. ஆகவே, விருந்தினரை இன்முகத்துடன் வரவேற்போம். அனுமதியை மட்டும் எழுத்தில் கொடுப்போம்.