ஒரு ஏக்கருக்கு எத்தனை யூனிட்? குறுவை வயலில் ஒரு மின் கணக்கு

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். 2024-ம் ஆண்டு அணையில் போதிய நீர் இல்லாததால், ஜூலை 28 அன்றுதான் தண்ணீர் திறக்கப்பட்டது. டெல்டா மாவட்டங்களில் பம்புசெட் வைத்திருந்தவர்கள் குறுவை நட்டார்கள். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் பெரும்பாலும் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். மின்சாரம் எட்டிய வயலுக்கு இரண்டு போகம். எட்டாத வயலுக்கு ஒரு போகம்.

வளரும் நாடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். இந்தியாவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் செலவாகும் மின்சாரம் சுமார் 1,400 யூனிட். இது உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 60 கோடிப் பேருக்கு மின் இணைப்பே கிடையாது. மின்சாரம் வந்தால் கூடுதல் போகம், அரிசி ஆலை, வேலை எல்லாம் வரும். ஆனால், யூனிட் கூடினாலே வருமானமும் கூடிவிடுமா?

தண்ணீர் தூக்கும் செலவு

ஒரு ஏக்கரில் 5 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் கட்ட, சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. அதை 10 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்க, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவிகிதத் திறனில் ஓடினால், சுமார் 14 யூனிட் ஆகும். நீர்மட்டம் 30 மீட்டருக்கு இறங்கிவிட்டால், அதே தண்ணீருக்கு 41 யூனிட் ஆகும். மின் செலவு மூன்று மடங்கு. விளைச்சல் ஒரு மணிகூடக் கூடாது.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். அதற்கான தொகையை அரசு மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. கட்டணம் இல்லாததால், நீர்மட்டம் இறங்குவது பில்லில் தெரியாது. முன்பு 4 மணி நேரத்தில் பாய்ந்த வயலுக்கு இப்போது 6 மணி நேரம் ஆகிறதென்றால், நீர்மட்டத்தையும் பம்பையும் சோதிக்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் அளவுக்கு மீறி இறைத்தால், உப்பு நீரும் உள்ளே வரும்.

இலவசம் எல்லோருக்கும் எட்டவும் இல்லை. இணைப்பு கேட்டுக் காத்திருந்தவர்களுக்காக, 2021-ல் ஒரு லட்சம் புதிய இணைப்புகளை அரசு அறிவித்தது. இணைப்பு இல்லாத சிறு விவசாயியும் குத்தகைதாரரும் டீசல் இன்ஜினுக்கோ, பக்கத்து வயல்காரரின் தண்ணீருக்கோ கைக்காசு கொடுக்கிறார்கள். வசதி குறைந்தவருக்குத்தான் தண்ணீர் விலை அதிகம்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

குறைந்த யூனிட்டில் அதே விளைச்சல் எடுக்க வழி உண்டு. சுமார் 30 செ.மீ நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைக்க வேண்டும். நாற்று வேர்பிடித்த பிறகு, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ இறங்கியதும், 5 செ.மீ உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. இம்முறையில் 30 சதவிகிதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்கிறது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். மோட்டார் ஓடும் நேரமும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆற்றுத் தண்ணீர் பள்ளம் பார்த்துத் தானாகப் பாயும். வாய்க்காலைத் தூர்வாரிக் கடைமடை வரை அதைக் கொண்டுபோனால், அந்தத் தண்ணீரை மேலே தூக்க ஒரு யூனிட்கூடத் தேவையில்லை.