போர் விமானமும் அதன் விலையும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஐக்கிய நாட்டில் பி-24 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் 18,000-க்கும் மேலாகச் செய்யப்பெற்றன. 1944-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ மணிக்கு ஒரு விமானம் வெளிவந்தது. அதே நாடு பின்னர் பி-2 என்னும் விமானங்கள் 132 செய்யக் கருதியது, செய்தவையோ 21.

காரணம் யாது? பி-2 எதிரியின் ரேடார் கருவிக்கு எளிதிற் புலப்படாதிருத்தல் வேண்டும். அதற்கெனத் தனி வடிவமும், புதிய கலவைப் பொருள்களும், மேற்பூச்சும் தேவைப்பட்டன. இவற்றைக் கண்டறியும் ஆராய்ச்சிச் செலவு, ஒரு விமானம் செய்யினும் நூறு செய்யினும் பெரும்பாலும் ஒன்றே. விலைக்கு அஞ்சியும், 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தமையாலும் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. முழுச் செலவும் 21 விமானங்களின் தலையில் விழவே, ஒன்றின் அடக்கவிலை 200 கோடி டாலரைத் தாண்டியது. ரேடாரின் கண்ணுக்குத் தப்பலாம்; கணக்கரின் கண்ணுக்குத் தப்ப இயலுமா?

2008 பிப்ரவரியில், குவாம் தீவிலிருந்து புறப்பட்ட பி-2 ஒன்று தரையில் வீழ்ந்து எரிந்தது. காற்றழுத்தத்தை அளக்கும் கருவிகளில் புகுந்த ஈரமே அதற்குக் காரணம். விமானிகள் இருவரும் உயிர் தப்பினர். ஆனால், அவ்விமானத்திற்கு ஈடாக வேறொன்று செய்யப்பெறவில்லை. பி-2 செய்யும் தொழில் முன்னரே நின்றுபோயிருந்தது.