வரப்பில் நிற்கும் செம்மரம்: வேளாண் காடும் நாட்டின் கொள்கையும்

கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சி ராஜா ராணியைத் தமிழ்க் குடும்பத்தார் எந்த ஊருக்குக் குடிபோனாலும் மறப்பதில்லை. அசல் மரப்பாச்சி செம்மரத்தில் கடைந்தது. அந்தச் செம்மரம் தானாக முளைத்து வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் மலைகளும், அவற்றை ஒட்டிய தமிழகக் குன்றுகள் சிலவும் அதன் தாய்வீடு. நான் நாற்பது வருஷமாகத் தானிய வியாபாரம் செய்யும் நாகலாபுரம், வேதநாராயண சுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர், அந்த மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. ஆகவே, நாட்டின் மரப்பரப்பைக் கூட்டுவது எப்படி என்ற பெரிய கேள்வியை எங்கள் பக்கத்து மரத்தை வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

வேளாண் காடு என்பது என்ன?

பயிரும் மரமும் ஒரே நிலத்தில் சேர்ந்து வளர்வதுதான் வேளாண் காடு. பெயர் புதிது, வழக்கம் பழசு. வரப்பில் பனை, கிணற்றடியில் வேம்பு, மாங்கன்று சிறிசாக இருக்கும்வரை நடுவே நிலக்கடலை, இதெல்லாம் நம் பாட்டன் காலத்து ஏற்பாடுதானே! மரம் நிழலும் தழையும் தரும், மண் அரிப்பைத் தடுக்கும். மழை பொய்த்த வருஷத்தில் விற்றுச் சாப்பிடவும் உதவும். வியாபாரி பாஷையில் சொன்னால், பயிர் கைச்செலவுக்கு, மரம் சேமிப்புக்கு.

அரசாங்கத்துக்கு இதில் அக்கறை ஏன்? நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்று 1952-ஆம் ஆண்டு வனக் கொள்கையே சொல்லிவிட்டது. 2023-க்கான வன நிலை அறிக்கைப்படி காடும் மரப்பரப்பும் சேர்ந்தே 25.17 சதவீதம்தான். புதுக் காட்டுக்கு நிலம் எங்கே இருக்கிறது? மிச்சம் வளர வேண்டியது பெரும்பாலும் உழவன் நிலத்தில்தான்.

இதை உணர்ந்துதான் 2014-இல் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை வந்தது. இதற்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. 2016-17-இல் "வரப்பெங்கும் மரம்" என்ற முழக்கத்தோடு ஒரு துணை இயக்கமும் தொடங்கினார்கள். நல்ல நாற்று, கடன், காப்பீடு என்று அந்தக் கொள்கை பலதும் பேசுகிறது. ஆனால் அதன் உயிர்நாடி, மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் உள்ள கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதுதான்.

முடிச்சு எங்கே?

நெல் விளைந்தால் அறுத்து மண்டிக்குக் கொண்டு வரலாம். மரம் விளைந்தால் அப்படி முடியுமா? வெட்ட அனுமதி, வண்டியில் ஏற்ற அனுமதி என்று படியேற வேண்டும். "நட்டவனுக்கு வெட்ட உரிமையில்லேன்னா என்னத்துக்கய்யா நடணும்?" என்று விவசாயி கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

சட்டத்தைத் தளர்த்த முடியாது என்றில்லை. தனியார் நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரனுக்கே சொந்தம் என்று 2001-இல் கர்நாடகமும், அடுத்த ஆண்டு தமிழகமும் சட்டத்தைத் திருத்தின. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-இல் "மரம்" என்ற சட்டக் கணக்கிலிருந்தே எடுத்தார்கள்.

செம்மரத்தில் மட்டும் சிக்கல் பெரிது. வைரம் பாய இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆகும். சீனத்தில் மேசை நாற்காலிக்கும், ஜப்பானில் இசைக்கருவிக்கும் கிராக்கி உண்டு. அந்த விலை ஆசைதான் மலையில் களவுவெட்டை வளர்த்தது. 1995-இல் உலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இந்த மரம் சேர்ந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளிகள் மாண்டார்கள். பலர் திருவண்ணாமலை மாவட்டத்தார். கோடாலி பிடித்தவன் கூலிக்காரன். கொள்ளை லாபம் எடுத்தவன் வேறு எங்கோ இருந்தான்.

மலைக்கட்டையும் தோட்டக்கட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். சட்டத்தை முழுக்கத் தளர்த்தினால் திருட்டுக் கட்டை தோட்டத்துப் பெயரில் வெளியேறும். இறுக்கினால் நேர்மையாக நட்டவன் நஷ்டப்படுவான். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரே வழி, மரம் நட்ட நாள் முதலே பதிவு.

இப்போது திறந்துள்ள வழி

தனியார் நிலத்தில் பயிரிட்ட செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-இல் மத்திய அரசு வழிவிட்டது. இந்தியச் செம்மர வாணிபத்தின் மேல் பல வருஷமாக இருந்த சர்வதேச மறுஆய்வு 2023-இல் நீங்கியது. விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை 2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. நிலம், மர இனம், நட்ட காலம் ஆகியவற்றை முன்கூட்டியே பதிவு செய்வதுதான் அவற்றின் அடிப்படை. மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும்.

பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ்ப் பலன்பகிர்வுத் தொகையாகத் திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் ஒதுக்கியதாக 2025-இல் தேசிய பல்லுயிர் ஆணையம் அறிவித்தது. திருவள்ளூர் எங்கள் ஊருக்கு எல்லை தாண்டிய அடுத்த மாவட்டம். இந்தச் செய்தி, நட்டால் பலன் வரும் என்ற நம்பிக்கையை எங்கள் பக்கமும் கொஞ்சம் கொடுத்திருக்கிறது.

எங்கள் சமணர் மரபில், இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய தொழில்களில் காட்டை வெட்டி விற்பதும், கரி சுட்டுப் பிழைப்பதும் அடங்கும். காட்டில் வாழும் உயிர்களை எண்ணிச் சொன்ன விலக்கு அது. தோட்டத்து மரம் சுலபமாகச் சந்தைக்கு வந்தால் மலை மரத்தின் மேலுள்ள கண் குறையும் என்பது என் கணக்கு. அதனால் வேளாண் காடு மலைக்கும் வேலிதான்.

ஊரில் நிலம் உள்ளவர்களுக்கு

வெளியூரில் வாழும் நம்மவர் பலருக்கு ஊரில் காணி தரிசாகக் கிடக்கிறது. ஆளில்லாத நிலத்துக்கு மரப்பயிர் தோது. எந்த மரம் நட்டாலும் மூன்று காரியம் மறக்காதீர்கள். நாற்று வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடங்கலில் மரக்கணக்கை ஏற்றச் சொல்லுங்கள். செம்மரம், சந்தனம் என்றால் நடும்போதே வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கழித்து அந்த மரத்தை விற்கப் போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள். மரத்தோடு காகிதமும் இருந்தால்தான் அது அவர்களுக்குச் சொத்து, இல்லாவிட்டால் வழக்கு.