நியூயார்க்கில் ஒரு ஜெர்மானிய மாணவர்

பொறியியலோ மருத்துவமோ கற்கக் கடல் கடந்து செல்லும் இளைஞன் பட்டத்தோடு திரும்புகின்றான். அவன் கற்ற கல்வி ஊருக்கு ஊர் மாறுவதன்று. சமயம் கற்கச் செல்பவன் நிலை வேறு. தான் கொண்டு சென்ற நம்பிக்கையையே அவன் அயலார் முன் அவிழ்த்து வைக்க வேண்டியவனாகின்றான். அவ்வாறு சென்ற ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். இறையியல் கற்றவனல்லேன் யான். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். எனினும் பிறந்த ஊரை விட்டு வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இவ்வரலாறு அயலானதாகத் தோன்றாது என நம்புகின்றேன்.

டீட்ரிக் போன்ஹோபர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், அன்று ஜெர்மனிக்குரியதாயிருந்த பிரெஸ்லௌ நகரில் பிறந்தார். தந்தையார் புகழ் பெற்ற மனநோய் மருத்துவப் பேராசிரியர். முதல் உலகப் போரில், 1918இல், அண்ணன் ஒருவரை இக்குடும்பம் பறிகொடுத்தது. இளைஞர் போன்ஹோபர் 21ஆம் வயதிலேயே பெர்லினில் இறையியல் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். ஆனால் குருப்பட்டம் பெறுவதற்கு 25 வயது நிரம்ப வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஓராண்டு உதவித்தொகை கிடைக்கவே, 1930 செப்டம்பரில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சென்று சேர்ந்த இடம் நியூயார்க்கின் யூனியன் இறையியற் கல்லூரி. 1836இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி பல திருச்சபைகளைச் சேர்ந்த மாணவர்க்கும் இடமளித்தது.

பட்டத்தின்மேல் பட்டம் பெற்றவர் மீண்டும் மாணவர் விடுதிக்குள் நுழைந்தார். அவ்விடுதியின் வாழ்வு அவருக்குப் புதுமையாயிருந்தது. அறைக் கதவுகள் திறந்தே கிடந்தன; எதிர்ப்பட்டவர் எல்லாரும் வணக்கம் கூறிச் சென்றனர்; தனிமை என்பது அரிதாயிற்று. அந்தத் தோழமையை அவர் மதித்தார். ஆனால் அதிலிருந்த குறையொன்றும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒருவர் மனம் நோகாதிருக்க வேண்டும் என்னும் எண்ணம் மிகுந்தமையால், கசப்பான உண்மையை நேர் நின்று கூற எவரும் துணிவதில்லை என்று தம் அறிக்கையில் குறித்தார். ஊர் விட்டு ஊர் வந்து ஒரே குடியிருப்பில் நெருங்கி வாழும் நமக்கும் இது தெரியாத செய்தியன்று!

வகுப்பறையோ அவருக்குப் பெரும் ஏமாற்றமாயிற்று. பாவம், மன்னிப்பு ஆகியவை பற்றி மார்ட்டின் லூதர் எழுதிய பகுதியொன்று படிக்கப்பெற்றபொழுது மாணவர்கள் வெளிப்படையாகவே சிரித்தனராம். லூதரின் நாட்டிலிருந்து வந்தவர் திகைத்துப் போனார். அங்கே இறையியல் என்பதே இல்லை என்று ஊருக்கு எழுதினார். இது சற்றுக் கடுமையான தீர்ப்பே. அறிவுச் செருக்கும் அதில் கலந்திருந்தது எனலாம். ஏனெனில், அக்கல்லூரியில் ரைன்ஹோல்டு நீபர் போன்ற பேரறிஞர் கற்பித்தனர். அது பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் காலம். வேலையிழந்தோர் நகரெங்கும் திரண்டிருந்தனர். அவர்களுக்காகச் சமயம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை அம்மாணவர்கள் எழுப்பினர். ஜெர்மானிய வகுப்பறைகளில் அவர் அதிகம் கேளாத கேள்வி அது.

போன்ஹோபரை மாற்றியவர்கள் பெரும்பாலும் உடன் பயின்றவர்களே. சுவிட்சர்லாந்தின் எர்வின் சூட்ஸ், அமெரிக்கரான பால் லேமன், பிரெஞ்சு நாட்டு ழான் லசேர், அலபாமாவிலிருந்து வந்த கறுப்பின மாணவர் பிராங்க் பிஷர் ஆகியோர் அவருடைய நண்பர்கள். இவர்களுள் பிந்திய இருவர் தனியே எடுத்துக் கூறத்தக்கவர்.

லசேர் பிரெஞ்சுக்காரர், போன்ஹோபர் ஜெர்மானியர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் இரு நாட்டவரும் ஒருவரையொருவர் கொன்று குவித்திருந்தனர். எரிக் மரியா ரெமார்க் எழுதிய போர்க்கள நவீனத்தைத் தழுவிய திரைப்படத்தை இருவரும் ஒருநாள் சேர்ந்து காணச் சென்றனர். கதை ஜெர்மானியப் படைவீரர் நோக்கில் அமைந்தது. ஆகவே திரையில் பிரெஞ்சு வீரர் மாயும்பொழுதெல்லாம் அமெரிக்கப் பார்வையாளர் சிரித்துக் கைதட்டினர். போரிலோ அமெரிக்கர் பிரெஞ்சுக்காரரின் தோழர்! லசேர் கலங்கி அழுதார். அவரைத் தேற்ற இயலாமல் போன்ஹோபர் தவித்தார். பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் மலைப்பிரசங்கம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று, நடப்பதற்கு உரியது என்னும் கருத்தை லசேரிடமே அவர் கற்றார். 1931இல் இருவரும் மோட்டார் வண்டியில் மெக்சிகோ வரை சென்று, அங்கு ஒரு கூட்டத்தில் சமாதானத்தைப் பற்றிப் பேசினர். ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் ஒரே மேடையில் நின்றதே அன்றைக்கு ஒரு செய்தியாகும்.

பிராங்க் பிஷர் அவரை ஹார்லெம் பகுதிக்கு அழைத்துச் சென்றார். கல்லூரியிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. அங்குள்ள அபிசீனிய பாப்திஸ்து திருச்சபைக்குப் போன்ஹோபர் ஞாயிறுதோறும் சென்றார்; பிஷருடன் சேர்ந்து சிறுவர்க்கு ஞாயிற்றுப் பள்ளி நடத்தினார். நகரின் பெரிய ஆலயங்களில் எதைப் பற்றியும் பேசுகின்றனர், நற்செய்தியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்று குறை கூறிய அவருக்கு, இங்கே பாவமும் அருளும் உள்ளம் உருகும் வண்ணம் எடுத்துரைக்கப்பெற்றன. அடிமை நாட்களில் பிறந்த அம்மக்களின் பக்திப் பாடல்கள் அவரை ஆட்கொண்டன. இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்தார்; கறுப்பின எழுத்தாளரின் நூல்களைத் தேடிப் படித்தார். ஓர் உணவு விடுதியில் பிஷருக்குச் சமமாகப் பரிமாற மறுத்தனர் என்பதற்காக அவ்விடத்தை விட்டு வெளியேறினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

இக்கொடுமைகளைப் பற்றி அவர் வீட்டுக்கு எழுதியபொழுது, அறிவியலறிஞரான மூத்த அண்ணன் 1931 ஜனவரியில் விடை எழுதினார். அதனோடு ஒப்பிட்டால் நம் நாட்டு யூதர் பிரச்சினை வெறும் வேடிக்கை என்பது அக்கடிதத்தின் கருத்து. கற்றறிந்த, நேர்மையான குடும்பத்தில் எழுதப்பெற்ற கடிதம் அது! சரியாக இரண்டே ஆண்டுகளில், 1933 ஜனவரி 30ஆம் நாள், ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றான்.

யூதர் வழி வந்த குருமார்களை விலக்க வேண்டும் என்ற கூக்குரல் திருச்சபைக்குள்ளேயே எழுந்தபொழுது, அதனை முதலில் எதிர்த்தோருள் போன்ஹோபரும் ஒருவர். அவருடன் ஒரு சூலில் பிறந்த தங்கை, யூதர் வழி வந்தவரை மணந்திருந்தார். 1938இல் அக்குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியோட நேர்ந்தது.

இடையே நம் நாட்டின் தொடர்பு ஒன்று உண்டு. அறவழியில் எதிர்ப்பதெப்படி என்பதைக் காந்தியடிகளிடம் கற்க விரும்பி அவர் கடிதம் எழுதினார். 1934 நவம்பர் 1ஆம் நாள் அடிகள் வரவேற்று விடையிறுத்தார். சிறைக்கு வெளியே ஓரிடத்தில் தங்கியிருந்தால் தம்முடனேயே இருக்கலாம். எளிய மரக்கறி உணவில் வாழ இயலுமாயின், ஆசிரமத்தில் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பிச் செல்வதற்குரிய பயணச்செலவு கையில் இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. பயணச்சீட்டைப் பற்றிய இக்கவலை என் போன்ற இருப்புப்பாதைக்காரனுக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. ஆனால் அப்பயணம் நிகழவில்லை. ஹிட்லருக்குப் பணியாத திருச்சபையினர் தம் மாணவரைப் பயிற்றுவிக்க அவரை அழைத்தனர். 1935இல் ஃபின்கன்வால்டே என்னுமிடத்தில் அவர் நடத்திய குருமடத்தில், மாலை வேளைகளில் ஹார்லெமின் இசைத்தட்டுகள் ஒலித்தன. 1937இல் ரகசியப் போலீசார் அக்குருமடத்தை மூடினர்.

போர் நெருங்கியது. படையில் சேர்ந்து ஹிட்லருக்காகப் போரிட அவர் மனம் ஒப்பவில்லை. நீபரும் லேமனும் முயன்று அவருக்கு அமெரிக்காவில் பணி தேடித் தந்தனர். 1939 ஜூன் 12ஆம் நாள் நியூயார்க்கு வந்திறங்கி, பழைய கல்லூரியிலேயே விருந்தினர் அறையில் தங்கினார். பாதுகாப்பான நாடு, அன்பான நண்பர்கள், மதிப்புள்ள வேலை. வேறென்ன வேண்டும்? ஆனால் அவருக்கு அங்கே அமைதி கிட்டவில்லை. ஊரிலிருந்து கடிதம் வாராத நாட்களில் நிலைகொள்ளாமல் நகரில் அலைந்தார். தான் வந்தது தவறென்றும், துன்பக் காலத்தைத் தம் மக்களோடு வாழாதவனுக்குப் போருக்குப் பின் அவர்கள் வாழ்வைச் சீர்ப்படுத்தும் உரிமை இராதென்றும் நீபருக்கு எழுதிவிட்டு, ஜூலை முதல் வாரத்தின் முடிவில் கப்பலேறினார். அவர் தங்கியிருந்தது ஒரு மாதம்கூட இல்லை. செப்டம்பர் 1ஆம் நாள் போர் மூண்டது.

பின்னர் ஹிட்லரை வீழ்த்தச் சூழ்ந்தோருடன் அவர் சேர்ந்தார். 1943 ஏப்ரல் 5ஆம் நாள் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பெற்றார். அப்பொழுது வயது 39. இரு வாரங்களில் அமெரிக்கப் படை அம்முகாமை அடைந்தது.

ஜூலை 27ஆம் நாள் லண்டன் ஆலயமொன்றில் அவருக்காக நினைவு வழிபாடு நடந்தது. அது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. இடிபாடுகளிடையே பெர்லினில் வாழ்ந்த முதிய பெற்றோர், தம் மகனுக்காக முன்னாள் பகைவர் செய்த வழிபாட்டை அவ்வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தனர்.