எடைக்குப் போகவிருந்த தகரப்பெட்டி... திண்டிவனம் பரணில் கிடைத்த சிற்றிதழ்ப் புதையல்!

திண்டிவனத்தில் இருக்கும் என் பெரியப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. “ஞாயித்துக்கெழம பழைய பேப்பர்காரர் வருவாரு, போட்டுடலாம்” என்றார் பெரியம்மா. பெரியப்பா பதில் பேசவில்லை. பெட்டிமேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்!

உள்ளே இருந்தவை எல்லாம் சிற்றிதழ்கள். கதை, கவிதை, கட்டுரைக்காக மட்டுமே சில நூறு பிரதிகள் அச்சாகி, தபாலில் வீடு வந்து சேர்ந்தவை.

சின்ன இதழ், பெரிய வேலை!

‘இவ்வளவு குறைவாக விற்கும் இதழால் என்ன பயன்?’ என்று தோன்றலாம். 1959-ல் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ்தான் தமிழில் புதுக்கவிதைக்கு நிலையான இடம் பிடித்துத் தந்தது. அதில் ‘பசுவய்யா’ என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி, 1988-ல் நாகர்கோவிலிலிருந்து ‘காலச்சுவடு’ இதழைத் தொடங்கினார். அமெரிக்காவிலும் இதே கதைதான். டி.எஸ்.எலியட் பெரிய பெயர் எடுப்பதற்கு முன்பே, 1915-ல் அவர் கவிதையை வெளியிட்டது, சிகாகோவின் ‘பொயட்ரி’ என்ற சிறிய இதழ்.

நம்ம விழுப்புரம்!

விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிஞர் த.பழமலய். இந்தப் பக்கத்து மக்களின் பேச்சையும் வாழ்க்கையையும் கவிதையாக்கிய அவரது ‘சனங்களின் கதை’ 1988-ல் வெளியானது. 1990-களில் அ.மார்க்ஸ், ரவிக்குமார், பொ.வேல்சாமி ஆகியோர் நடத்திய ‘நிறப்பிரிகை’, தலித் இலக்கியம் பற்றிய விவாதத்தைச் சூடாக்கியது. அதே ரவிக்குமார்தான் 2019-ல் விழுப்புரம் எம்.பி ஆனவர். ‘மணற்கேணி’ இதழும் அவர் நடத்தியதுதான்.

கடல் தாண்டி...

இலங்கையில் டொமினிக் ஜீவா 1966-ல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். கனடாவின் டொரன்டோவிலிருந்து செல்வம் அருளானந்தம் ‘காலம்’ இதழைக் கொண்டுவந்தார். ஊர் விட்டு ஊர் போனவர்கள் கையோடு எடுத்துப்போனது மொழியைத்தான்!

எடைக்குப் போடும் முன்...

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, பழைய புத்தகங்களையும் இதழ்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்புதான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இலங்கைத் தமிழ் இதழ்களை ‘நூலகம்’ இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், முதலில் இதழின் பெயர், மாதம், ஆண்டு தெரியும்படி அட்டையை போனில் படம் எடுங்கள். பிறகு இதுபோன்ற நூலகங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிலோ கணக்கில் போட்டுவிட்டால் திரும்பி வராது.

சரி, பெரியப்பாவின் பெட்டி என்ன ஆனது?

நான் அட்டைகளைப் படம் எடுக்கும்போது, ஓர் இதழுக்குள்ளிருந்து பழைய மணியார்டர் ரசீது விழுந்தது. சந்தா கட்டியது. எடுத்துப் பார்த்த பெரியம்மா, “இதுக்குத்தான் அந்த மாசம் பால்காரருக்குப் பாக்கி வெச்சீங்களா?” என்றார். பெரியப்பா சிரித்து மழுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர்காரர் வந்தார். நாளிதழ்களை மட்டும் எடைபோட்டு எடுத்துப் போனார். அன்று மாலை பெரியம்மா, தன் பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.