ஊரார் கேட்டது தண்ணீர்

எரிகோவை விட்டு நம் ஆண்டவர் புறப்பட்ட வழியில், பார்வையற்ற பர்த்திமேயு உரக்கக் கூவி அழைத்ததை நாம் அறிவோம். அவரை அருகே வரச் செய்த ஆண்டவர், தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டார். கண் தெரியாதவருக்கு என்ன வேண்டும் என்பது வழியில் நின்ற சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் கேட்டார்.

நாங்கள் கேட்கவில்லை. எங்கள் சமூக சேவைக் குழுவினர் ஒரு கிராமத்திற்குச் சோப்புக் கட்டிகளும் படம் வரைந்த அட்டைகளுமாகச் சென்று, கை கழுவும் முறையைப் பற்றி அழகாகப் பேசினோம். பேசி முடித்ததும் ஒரு பாட்டியம்மா, "எல்லாம் சரிதான் கண்ணு, கழுவத் தண்ணி எங்கே?" என்றார். அவ்வூர்க் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாயிற்றாம். திரும்பும்போது பஸ்ஸில் எவரும் பாடவில்லை.

ஓர் ஊரின் உடல்நலத்திற்கு எது முதலில் வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? இக்கேள்வியோடு நூல்களைப் புரட்டியபோதுதான் ஜாம்கேட் பற்றி அறிந்தோம்.

ஜாம்கேட், மகாராட்டிர மாநிலத்தில் அகமதுநகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்தில் உள்ளது. நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபெல் ஆரோளே தம்பதியர் 1970-இல் அங்கே பணி தொடங்கினர். அது மழை பொய்த்த காலம். சுற்றுவட்டார மக்கள் மருந்தை முதலில் கேட்கவில்லை; குடிக்கத் தண்ணீரும் உண்ண உணவுமே கேட்டனர். 'நாங்கள் மருத்துவர்கள், கிணறு தோண்டுவது எங்கள் வேலையன்று' என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் மருத்துவமே. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு மருந்து கொடுத்து, மீண்டும் அதே கலங்கல் நீரைக் குடிக்க அனுப்பினால், அடுத்த வாரமே அது திரும்பி வரும். எனவே ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. சிறு குழந்தைகளுக்குப் பொதுச் சமையல் நடந்தது. அதற்கு ஊராரும் தங்கள் உழைப்பைத் தந்தனர்.

கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊர்க் கூட்டத்தில் வாய் திறப்பவர் யார்? செல்வாக்குள்ள சிலரே. பெண்களும் தலித் மக்களும் ஓரமாய் நிற்பர். ஆரோளே தம்பதியர் ஆண்களை முதலில் வாலிபால் ஆட்டத்தில் ஒன்று சேர்த்தனர். ஒரே பந்தை எல்லாச் சாதியாரும் தொட்டாக வேண்டுமல்லவா! பிறகு உழவர் மன்றங்களும், அவற்றின் பின் மாதர் மன்றங்களும் உருவாயின. கிணறுகளுக்குத் தலித் மக்கள் வாழும் பகுதிகளிலேயே இடம் பார்க்கச் செய்ததால், மற்றவர்களும் அங்கே வந்து நீர் எடுக்க நேர்ந்தது. இதைப் படித்தபோது எங்களுக்குள் ஒரே கைதட்டல்!

பயிற்சி பெற்ற நர்சுகளை ஊர்களுக்கு அனுப்பிய முயற்சி பலிக்கவில்லை. அதன்பின் ஒவ்வோர் ஊரும் தன்னுள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள். அவர்கள் வாரந்தோறும் ஜாம்கேட் வந்து கற்று, ஊர் திரும்பிப் பிரசவம் பார்த்தனர், குழந்தைகளை எடை போட்டனர். 1971-இல் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990-களின் இறுதியில் இந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே இறங்கியது.

தங்கள் நலவாழ்வைத் திட்டமிடுவதில் பங்கு பெறுவது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று 1978-இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு அறிவித்தது. மறு ஆண்டு ஆரோளே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. நம் நாட்டில் 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஊர்தோறும் சுகாதாரக் குழு அமைக்க வழி செய்தது. குழு இருப்பது வேறு, அது கூடுவது வேறு. நம் பாட்டியம்மா அதில் பேசுவது முற்றிலும் வேறு.

ஜாம்கேட் பயிற்சி நிலையத்திற்குப் பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் வருகின்றனர். அவர்களுக்குப் பாடம் நடத்துவோரில் அந்தக் கிராமத்துப் பெண்களும் உண்டு.